கேள்வி-பதில்: ரோஸ் குவார்ட்ஸ் வாங்குகிறீர்களா?

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கல்லைப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: 'ரோஸ் குவார்ட்ஸ்' என்று சொல்லி 5 மி.மீ. கல் வைத்த மோதிரம் கொடுத்தார்கள். பளிச்சென்ற ரோஜா நிறம், உள்ளே ஒரு தூசி இல்லை. அக்காவிடம் இருக்கும் மாலையோ வெளிறி, பால் கலந்த மாதிரி இருக்கிறது. அவளுடையது மட்டமான கல்தானே?

ப: அக்காவுடையதுதான் ரோஸ் குவார்ட்ஸாக இருக்கும் என்று நினைக்கிறேன். சந்தேகப்பட வேண்டியது உங்கள் மோதிரத்தை.

பெரிய பாறைக் கட்டிகளாக வெட்டி எடுக்கப்படும் ரோஸ் குவார்ட்ஸுக்கு நிறம் தருவது அதனுள் ஓடும் மிக நுண்ணிய இழைகள். டூமோர்டியரைட் என்ற கனிமத்துக்கு நெருங்கிய உறவு கொண்டவை அவை. வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தைச் சிதறடித்துக் கல்லுக்கு அந்தப் பால் மங்கலைக் கொடுப்பதும் இதே இழைகள்தான். ஆகவே நிறமும் மங்கலும் சேர்ந்தே வரும். நிறம் மெலிதாகப் பரவியிருப்பதால் கல்லின் பருமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: கை நிறையும் கட்டியில் நல்ல இளஞ்சிவப்பு, 10 மி.மீ. மணியில் மிதமான சாயல், 5 மி.மீ. மோதிரக் கல்லில் ஏறக்குறைய வெள்ளை. சிறியதாகவும் தெளிவாகவும் அடர்நிறமாகவும் ஒரே நேரத்தில் இருந்தால் அது பெரும்பாலும் வேறு கல், அல்லது கண்ணாடி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் முகங்களோடு வளர்ந்த, தெளிவான இளஞ்சிவப்புக் குவார்ட்ஸ் படிகங்கள் கிடைத்திருக்கின்றன. அவை அரிதானவை. சேகரிப்பாளர்கள் தேடி வாங்குபவை. சாதாரண மோதிரத்தில் வந்து உட்கார வாய்ப்பு குறைவு.

கே: தியானத்துக்கு 108 மணி மாலை, 8 மி.மீ. அளவில், இணையத்தில் வாங்கினேன். கையில் எடுத்தால் கனமே இல்லை. வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ப: முடியும். முதலில் எடை போடுங்கள். குவார்ட்ஸின் ஒப்படர்த்தி (அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 2.65. துளை போக ஒரு 8 மி.மீ. மணி சுமார் 0.7 கிராம் வரும்; 108 மணிக்கு ஏறத்தாழ 75 கிராம். நூல், குஞ்சம், மேரு மணி தனி. மாலை மொத்தமே 35, 40 கிராம்தான் என்றால் அது பிளாஸ்டிக் அல்லது ரெசின். மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

எடை சரியாக வந்தால் அடுத்தது நீர்ச் சோதனை. 0.1 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள்; அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி. 26.5 கிராம் கல்லுக்குத் தராசு 10.0 காட்டினால் 2.65. சாதாரணக் கண்ணாடி 2.5-ஐ ஒட்டி வரும். வித்தியாசம் சிறியது என்பதால் ஒற்றை மணியை வைத்து முடிவு செய்யாதீர்கள்; குறைந்தது 20 கிராம் கல் வேண்டும். சாயம் ஏற்றிய குவார்ட்ஸும் இதில் 2.65 என்றே தேறிவிடும். எனவே இந்தச் சோதனையால் போலியைப் பிடிக்கலாமே தவிர, அசல் என்று சான்று தர முடியாது.

சாயத்துக்கு: பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு, துளையின் வாயில் பத்து விநாடி தேயுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் சாயம். ஏறாவிட்டாலும் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (நகைக்காரர்களின் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். கல்லைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு விரிசல் விட வைத்து, அதில் சாயம் ஊற்றுவார்கள்; அப்படிப்பட்ட கல்லில் நிறம் விரிசல் கோடுகளில் மட்டும் தேங்கி நிற்கும், நடுவே நிறமே இருக்காது.

கே: 'AAA தரம்' என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

ப: கூடாது. இந்தக் கல்லுக்கு அப்படிப் பொதுவான தர அளவுகோல் எதுவும் இல்லை. விற்பவர் அவராகவே போட்டுக்கொண்ட எழுத்துகள் அவை.

கே: செர்ரி குவார்ட்ஸ், ஸ்ட்ராபெர்ரி குவார்ட்ஸ், பிங்க் ஜேட் எல்லாம் ரோஸ் குவார்ட்ஸின் வகைகளா? தியானத்துக்கு எது உகந்தது?

ப: இந்தப் பெயர்கள்தான் என்னை அதிகம் கோபப்படுத்துபவை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செர்ரி குவார்ட்ஸ் என்று விற்கப்படுவது கண்ணாடி. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு மாலையை லூப்பில் பார்த்தால் மணிக்கு மணி உருண்டையான காற்றுக் குமிழிகள். சர்க்கரைப் பாகைக் கிளறியதுபோல் சிவப்பு நிறம் சுழிசுழியாக ஓடுகிறது. பூமிக்குள் வளர்ந்த குவார்ட்ஸில் இந்த உருண்டைக் குமிழியும் சுழியும் இருக்காது. ஸ்ட்ராபெர்ரி குவார்ட்ஸ் என்ற பெயரில் உண்மையான கல் உண்டு. உள்ளே ஹெமடைட் போன்ற இரும்புக் கனிமத் துகள்கள் சிதறிக் கிடக்கும். அதே பெயரில் மினுக்கு தூவிய கண்ணாடியும் தாராளமாகப் புழங்குகிறது. பிங்க் ஜேட் என்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிய குவார்ட்சைட் அல்லது பளிங்கு. ஜேட் என்று சொல்லத் தகுந்த ஜேடைட்டும் இல்லை, நெஃப்ரைட்டும் இல்லை. 'பிங்க் டோபாஸ்' என்று மலிவாகக் கிடைப்பது அநேகமாக நிறமற்ற டோபாஸின் மேல் பூசிய மென்படலம். பட்டைகளின் ஓரத்தில் அது தேய்ந்ததும் வெள்ளை தெரியும்.

கண்ணாடி விற்பது குற்றமில்லை, அழகான கண்ணாடி மணிகள் எத்தனையோ இருக்கின்றன. குவார்ட்ஸ் என்ற சொல்லைக் கண்ணாடியின் மேல் ஒட்டுவதுதான் தவறு. வாங்குபவர் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார். உலக நகை வணிகக் கூட்டமைப்பான சிப்ஜோவின் வணிக விதிகளும், செயற்கையையும் போலியையும் சாயம் போன்ற மாற்றங்களையும் வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கின்றன. பில்லில் மூன்று விஷயங்கள் எழுதித் தரச் சொல்லுங்கள்: கனிமத்தின் பெயர் (குவார்ட்ஸ்), இயற்கையா செயற்கையா, சாயமோ பூச்சோ உண்டா. 'அப்படியெல்லாம் எழுத மாட்டோம்' என்பவரிடம் வாங்காதீர்கள். ஊர்ப் பெயரைக் கேட்டும் மயங்காதீர்கள். மடகாஸ்கரில் நல்ல ரோஸ் குவார்ட்ஸ் கிடைப்பது உண்மை. நமீபியாவிலும், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலும்கூடக் கிடைக்கிறது. ஊர்ப் பெயர் கல்லின் தரத்துக்குச் சான்று ஆகாது.

தியானத்துக்கு எது உகந்தது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கே: ரோஸ் குவார்ட்ஸ் இதயச் சக்கரத்தைத் திறக்கும், ஹார்மோனைச் சீராக்கும் என்கிறார்கள். குவார்ட்ஸ் மின்சாரம் தருவது அறிவியலே ஒப்புக்கொண்டதுதானே?

ப: அழுத்தினால் குவார்ட்ஸில் மின்னழுத்தம் எழும் என்பது உண்மை. 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தது. கைக்கடிகாரம் ஓடுவதும் இந்தப் பண்பால்தான். ஆனால் கடிகாரத்தில் இருப்பது குறிப்பிட்ட கோணத்தில் அறுத்து, மின்முனை பொருத்தி, மின்கலத்தால் இயக்கப்படும் மெல்லிய துண்டு. உள்ளங்கையில் பிடித்த கூழாங்கல் அந்த வேலையைச் செய்யாது, உடம்பைக் குணப்படுத்தவும் செய்யாது.

லண்டனில் உளவியலாளர் கிறிஸ்டோஃபர் ஃபிரெஞ்ச் குழுவினர் சிலருக்கு அசல் படிகத்தையும் சிலருக்குப் போலியையும் கொடுத்துத் தியானம் செய்யச் சொன்னார்கள். உடம்பில் குறுகுறுப்பு, சூடு, அமைதி என்று இரு தரப்பாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். 2018-ல் கலிஃபோர்னியாவில் கூப் என்ற நிறுவனம், ஜேட், ரோஸ் குவார்ட்ஸில் செய்த முட்டை வடிவக் கற்கள் உட்படச் சில பொருள்களுக்கு ஆதாரமில்லாத உடல்நலப் பலன்களைச் சொல்லி விற்றதாக வந்த வழக்கில் 1,45,000 டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. ஹார்மோன் சிக்கல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். கல்லை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதனால் கல் தியானத்துக்குப் பயனற்றது என்று சொல்லவில்லை. கவனம் நிற்க ஒரு பிடி வேண்டும். குளிர்ச்சியும் கனமும் வழவழப்பும் அந்தப் பிடியைத் தருகின்றன. குவார்ட்ஸ் கண்ணாடியைவிட வேகமாகச் சூட்டை இழுப்பதால் கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சி சற்று நேரம் நீடிக்கும். அது மெல்லத் தணிவதைக் கவனித்துக்கொண்டே மூச்சை எண்ணலாம். உள்ளங்கைக் கல் என்றால் 4 அல்லது 5 செ.மீ., ஓரம் மழுங்கியது போதும். மாலை என்றால் விரல் நகர்த்த 8 மி.மீ. வசதி, 6 மி.மீ. பல விரல்களுக்குச் சிறிதாகிவிடும், 10 மி.மீ. கழுத்தில் கனக்கும்.

கே: 'சார்ஜ்' செய்ய ஜன்னலில் வெயிலில் வைத்தேன். ஒரு மாதத்தில் நிறம் போய்விட்டது. உப்பு நீரில் போட்டால் திரும்புமா?

ப: திரும்பாது. இழைகளால் நிறம் பெற்ற கட்டி வகை வெளிச்சத்தை ஓரளவு தாங்கும். ஒரு மாதத்தில் வெளுத்தது என்றால் பெரும்பாலும் சாயம். தெளிவான படிக வகையும் வெயிலில் வெளுக்கும். உப்பு நீர் வெள்ளியைக் கறுக்க வைக்கும், நூலை மக்க வைக்கும், கல்லுக்கு ஒரு நன்மையும் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, மெத்தென்ற பிரஷ், இவை போதும்.

கே: குடிநீர்ப் பாட்டிலுக்குள் கல்லைப் போட்டுக் குடிக்கலாமா?

ப: வேண்டாம். குவார்ட்ஸ் தண்ணீரில் கரையாது. ஆனால் அதிலுள்ள சாயமும் பசையும் மெழுகும் இறங்கலாம். எது ஏறியிருக்கிறது என்று தெரியாத கல்லைக் குடிநீரில் போடுவானேன்?

கே: மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தேன். ஆசாரி கல்லைக் கழற்றாமலே பற்றவைத்தார். கல்லுக்குள் வெள்ளையாக விரிசல். 'கல் மட்டம்' என்கிறார்.

ப: தவறு கல்லுடையது இல்லை, உங்களுடையதும் இல்லை. திடீர் சூட்டைக் குவார்ட்ஸ் தாங்காது. 573 டிகிரி செல்சியஸில் அதன் உள்கட்டமைப்பே மாறிக் கன அளவு கூடும். பற்றவைக்கும் சுடர் அதற்கு மேலே போகும். கல்லைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்திருக்க வேண்டும். மாற்றுக் கல் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. ஒப்படைத்தபோது எடுத்த படமோ ரசீதோ இருந்தால் காட்டிக் கேளுங்கள்.

புதுக் கல் வைக்கும்போது கொக்கிகளுக்குப் பதில் சுற்றிலும் உலோக விளிம்பு அணைத்துப் பிடிக்கும் அமைப்பு கேளுங்கள். 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. காற்றிலுள்ள தூசியிலும் அதே குவார்ட்ஸ் துகள் உண்டு என்பதால் தினமும் போடும் மோதிரத்தில் பளபளப்பு மங்கிக்கொண்டே வரும். காதணி, பதக்கம் என்றால் கவலை குறைவு.

கே: நிச்சயதார்த்த மோதிரத்துக்குத் தெளிவான இளஞ்சிவப்புக் கல் வேண்டும். குன்சைட்டா, மார்கனைட்டா?

ப: மார்கனைட். மரகதம் சேர்ந்த பெரில் இனம், கடினத்தன்மை 7.5 முதல் 8, நிறமும் நிலையானது. மஞ்சள் சாயலைப் போக்கப் பெரும்பாலும் சூடேற்றியிருப்பார்கள். அதனால் கெடுதல் இல்லை, சொல்லிவிட்டு விற்றால் போதும். குன்சைட் கண்ணைப் பறிக்கும், ஆனால் இரண்டு திசைகளில் சுலபமாகப் பிளக்கும், வெளிச்சத்தில் வெளுக்கும். மாலை விருந்துக்குப் போடும் பதக்கத்துக்கு அது சரி. தினமும் கையில் கிடக்கும் மோதிரத்துக்குச் சரிவராது.

கே: கும்மட்டமாகத் தீட்டிய என் கல்லில் டார்ச் அடித்தால் ஆறு கால் நட்சத்திரம் தெரிகிறது. ஒட்டு வேலையா?

ப: அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடிப் பூச்சோ வண்ணமோ இல்லாமல் கல்லாகவே இருந்தால் அசல்தான். முதல் பதிலில் சொன்ன இழைகள் வரிசையாக அமைந்தால் இப்படி நட்சத்திரம் எழும். விளக்கை நகர்த்தினால் அதுவும் நகர வேண்டும். சில கல்லில் பின்னாலிருந்து ஒளி விட்டால்தான் தெரியும்.

கே: போலி என்று சொன்னதும் விற்றவர் பதிலே தருவதில்லை. சிறு தொகைதான், விட்டுவிடட்டுமா?

ப: விடாதீர்கள். இப்படிச் சிறு தொகை என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடியுங்கள். நாளை வாசகம் மாறிவிடலாம். மாலையை அறுக்காதீர்கள், பொட்டலத்தையும் சீட்டையும் வைத்திருங்கள். எடை, நீர்ச் சோதனை முடிவை எண்ணோடு எழுதி, 'குவார்ட்ஸ் என்று விற்றீர்கள், இது குவார்ட்ஸ் அல்ல' என்று எழுத்தில் அனுப்பிக் கெடு வையுங்கள். பதில் இல்லையென்றால் விற்பனைத் தளத்திலும், பணம் செலுத்திய வங்கி அல்லது அட்டை நிறுவனத்திடமும் ஒரே நாளில் முறையிடுங்கள். முழு ஆய்வக அறிக்கை கல்லைவிடச் செலவு வைக்கும். ரத்தினக் கல் படித்த ஒருவர் எழுதித் தரும் இரண்டு வரிக் கருத்தே பல நேரம் போதும்.

கே: என் மாலை நூல் அடிக்கடி அறுகிறது. இது கெட்ட சகுனமா?

ப: சகுனம் இல்லை, துளையின் ஓரம் கூர்மையாக இருக்கிறது. துளையிடும்போது வாய்ப்பகுதி சில்லு சில்லாகப் பெயரும். ஒவ்வொரு முறை மணியை உருட்டும்போதும் அது நூலை அறுக்கும். வைரத் துகள் பதித்த கூம்பு அரத்தால் இரு வாயையும் மழுக்குங்கள். கல்லும் அரமும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிறகு 0.6 அல்லது 0.8 மி.மீ. நைலான் நூலில் மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோர்த்துவிடுங்கள். முடிச்சு துளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வழுக்கிப் போய்விடும். அப்படிக் கோர்த்த மாலை ஓரிடத்தில் அறுந்தாலும் ஒன்றிரண்டு மணிதான் விழும்.