ஹாலில் படுக்கும் மனைவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 46. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு மடிப்பாக்கம். இரண்டு வருடமாக எதிலும் பிடிப்பில்லை. காலையில் எழும்போதே தலை கனக்கிறது, வாய் உலர்ந்து கிடக்கிறது. மதியத்துக்கு மேல் ஆபீஸில் எண்கள் கண்ணில் நிற்பதில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், பிறகு வருந்துகிறேன். போன மாதம் வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் காரிலேயே கண் அசந்துவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் குறையவில்லை. சுகர் கிடையாது, ஆனாலும் ராத்திரி இரண்டு மூன்று முறை பாத்ரூம் போக எழுகிறேன். என் குறட்டை தாங்காமல் மனைவி ஹாலில் படுத்துக்கொள்கிறார். மற்றபடி எட்டு மணி நேரம் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

இது மன அழுத்தமா, நடுவயதில் வருகிற வெறுமையா? நண்பர் ஒருவர் தியான வகுப்புக்குக் கூப்பிடுகிறார். இன்னொருவர் காப்பியை நிறுத்திவிட்டுச் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார். நீங்கள் வெறுமை பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சீரகத் தண்ணீர் குடியுங்கள், கெடுதல் இல்லை. மனமிருந்தால் தியான வகுப்புக்கும் போங்கள். இந்த இரண்டைப் பற்றியும் இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. மனைவி ஹாலில் படுக்கிறார் என்று எழுதிய கையோடு, எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்கியவர் நீங்கள். விழித்திருந்தவர் அவர். தலைகனம், பிரஷர், ஆபீஸ், நண்பர்கள் சொன்ன யோசனை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி நான் எப்படி இருக்கிறேன் என்று மனைவியிடம் ஒரு தடவை கேட்டதாக எங்கேயும் இல்லை. நண்பர்களைக் கேட்டாயிற்று, முகம் பார்த்திராத என்னையும் கேட்டாயிற்று. பத்தடி தள்ளிப் படுத்திருக்கிறவரைக் கேட்கத் தோன்றவில்லை. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

சில வாரங்களாகவே இது என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வடபழனிப் பக்கம் ஒரு மண்டபத்தில் உறவுக்காரக் கல்யாணம். முதல் நாள் ராத்திரி ஆண்கள் எல்லோரும் மாடியில் ஜமக்காளம் விரித்துப் படுத்தோம். ஐம்பதைத் தொட்ட ஒருவர் மல்லாந்து படுத்துப் பெரிதாகக் குறட்டை விட்டார். பையன்கள் அதை மொபைலில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். தலைப்பு, கும்பகர்ணன். விடிவதற்குள் வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது. வயிறு எக்கி எக்கி இழுக்கிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. எடுத்தவன் சிரிப்பை அடக்குவது கேட்கிறது. பிறகு பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது, உடம்பை ஒரு முறை தூக்கிப் போடுகிறது. அந்தக் குழுவில் அவருடைய மனைவியும் இருக்கிறார். அவர் எந்தப் பொம்மையும் போடவில்லை.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிகிறது. மூச்சுவழி குறுகி அதிர்ந்தால் குறட்டை. சிலருக்கு, மெல்லிய ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் சப்பி ஒட்டிக்கொள்ளுமே, அப்படி முழுக்க மூடிக்கொள்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சமயத்தில் அதற்கும் மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறிப்போய் எழுப்பிவிடுகிறது. மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம். எழுந்தது காலையில் நினைவிருக்காது. மணிக்கு 5 முறை இப்படி நேர்ந்தாலே மருத்துவர்கள் கவனிப்பார்கள். 30ஐத் தொட்டால் கடுமையான நிலை. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தொண்டை அடைபட்டு விழிப்பது. எட்டு மணி நேரம் நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள் என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படியுங்கள். காலைத் தலைகனம், உலர்ந்த வாய், பகல் தூக்கம், எரிச்சல், எல்லாம் இதில் வரக்கூடியவை. மாத்திரைக்கு அடங்காத பிரஷரும் அப்படித்தான். மூச்சு நிற்கிற ஒவ்வொரு முறையும் உடம்பு ஆபத்து என்று அலறி ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, அந்த இறுக்கம் பகலிலும் விடுவதில்லை. ராத்திரி பாத்ரூம் போக எழுவதற்குக்கூட இதில் காரணம் உண்டு. அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் சுவர் விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதாக இதயம் தப்புக் கணக்குப் போட்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. நாம் சுகரையும் புராஸ்டேட்டையும் பார்த்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம்.

நான் மருத்துவன் இல்லை. உங்களுக்கு இதுதான் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். சோதித்துப் பார்க்காமல் வெறுமை என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள் என்கிறேன். குண்டானவர்களுக்குத்தானே வரும் என்றும் தள்ளிவிட வேண்டாம். தொப்பையும் பருத்த கழுத்தும் பெரிய காரணங்கள் என்பது சரி. ஆனால் தாடை சிறுத்து உள்வாங்கிய ஒல்லி ஆட்களுக்கும் வருகிறது.

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்பில் வெல்டர். குவார்ட்டர்ஸில் ஓர் அறை, ஒரு சமையலறை. அப்பா, பக்கத்தில் அம்மா, பிறகு நாங்கள் வரிசையாகப் பாயில். அவருடைய குறட்டை அந்த பிளாக் முழுக்கப் பிரசித்தம். அது நின்றால் நாங்கள் அப்பாடா என்று திரும்பிப் படுப்போம். அம்மா அப்போதுதான் எழுந்து உட்காருவாள். அவள் தலைமாட்டில் பனையோலை விசிறி ஒன்று இருக்கும். வீட்டுக்கு மின்விசிறி வந்த பிறகும் அதை அவள் விடவில்லை. அதன் காம்பால் அப்பாவின் விலாவில் ஒரு குத்து. “என்னங்க, ஒருக்களிச்சுப் படுங்க.” அவர் உறுமிக்கொண்டு திரும்புவார். குத்தினால் வலிக்கக் கூடாதென்று காம்பின் நுனியில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றித் தைத்து வைத்திருந்தாள். அந்தத் துணி அழுக்கேறி நைந்தால் பிரித்துவிட்டு வேறு சுற்றுவாள்.

பகலில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கும்போதே அவளுக்குக் கண் சொக்கும். பட்டப்பகலில் தூங்குகிற மூதேவி என்பாள் பாட்டி. ராத்திரி அவள் என்ன செய்கிறாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அப்பாவின் பிரஷர் மூன்று மாத்திரைக்கும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் அம்மாவைத்தான் திட்டுவார், சமையலில் உப்பைக் குறைக்கவில்லை என்று. அப்பாவுக்கென்று தனியாக உப்பில்லாமல் குழம்பு எடுத்து வைத்துவிட்டு வந்து நிற்பாள் அவள். ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “ராத்திரியில இவர் மூச்சு விடுறதில்லீங்க டாக்டர்.” அவர் சிரித்தார். “மூச்சு விடாமயாம்மா இங்க வந்து உக்காந்திருக்கார்?” அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதன் பிறகு அம்மா அதை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மூக்கில் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தமாகச் செலுத்தினால் தொண்டை அடைபடாது என்று ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இலேயே காட்டிவிட்டார். அப்பா போனது 1993இல், ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், ஒரு விடியற்காலையில், மூளையில் ரத்தக்கசிவு. குறட்டைதான் கொன்றது என்று சொல்ல மாட்டேன். பீடி இருந்தது, பிரஷர் இருந்தது. ஆனால் அம்மா தன் கணக்கை முடித்துவிட்டாள். “அன்னிக்கு நான் கொஞ்சம் அசந்துட்டேன்டா.” கடைசிவரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக ராத்திரிக் காவல் இருந்தவள், ஒரு ராத்திரி தூங்கியதைக் குற்றமாகச் சுமந்தாள். நோயைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அன்றைக்கு இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் காவலே அவள் தலையில் விழுந்திருக்காது.

ஆகவே நண்பரே, குறட்டையைச் சிரிப்புக்கு விடுகிற எவரையும் நான் சும்மா விடுவதில்லை. உங்களையும் விடப் போவதில்லை. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு மனைவியிடம் கேளுங்கள். குறட்டை நடுவில் நிற்கிறதா? எவ்வளவு நேரம்? திணறிக்கொண்டு விழிக்கிறேனா? மல்லாந்தால் கூடுகிறதா? அவர் வருடக்கணக்கில் பார்த்ததைச் சொல்வார். குறுக்கே பேசாதீர்கள். “நீ மட்டும் விடலையா?” என்று ஆரம்பிக்காதீர்கள். முடிந்தால் மொபைலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுவதற்கு. அவரை மறுபடி பக்கத்தில் வந்து படுக்கச் சொல்லவும் வேண்டாம். பாவம், தூங்கட்டும்.

பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போங்கள். சென்னையில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. செலவு யோசனை என்றால் சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனையில் நுரையீரல் பிரிவில் விசாரியுங்கள். ஒரு ராத்திரி விரலிலும் நெஞ்சிலும் மூக்கிலும் தலையிலும் ஒயர்களை ஒட்டித் தூங்கவிட்டுக் கணக்கெடுப்பார்கள். வீட்டிலேயே செய்கிற சின்னப் பரிசோதனையும் உண்டு. நோய் உறுதியானால் எடையைக் குறை, குடியை விடு, ஒருக்களித்துப் படு என்பதில் தொடங்கி, தேவைப்பட்டால் சல்லிவன் செய்த அந்தக் காற்று இயந்திரம் வரை வழி இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் வாடகைக்குக் கிடைக்கிறது. மாஸ்க் முதலில் உறுத்தும், நாலு நாளில் பெட்டிக்குள் போடத் தோன்றும், போடாதீர்கள். அதுவரை தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். அது தொண்டையை இன்னும் தளர்த்தும்.

கார் விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சப் போவதில்லை. விஜயநகர் சிக்னலில் ஹாரன் அடித்து எழுப்ப ஒருவர் இருந்தார். அடுத்த தடவை கண் அசரும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கும், முன்னால் ஸ்கூட்டரில் யாரோ ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்கள். பரிசோதனை முடிந்து சிகிச்சை பிடிபடும்வரை பஸ்ஸில் போங்கள்.

மன அழுத்தமா என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் குறைந்தாலும் இதே சோர்வு வரும், அவற்றையும் பார்த்துவிடுங்கள். தியான வகுப்பைப் பற்றிக் கேட்டவர் மனநல மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற நகரம் இது. 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. மனநல மருத்துவர் சாரதா மேனன் தலைமை ஏற்று நடத்திய இடம். அவர் பிறகு 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பையும் இதே சென்னையில் தொடங்கினார். இத்தனை இருந்தும் நாம் இன்னும் சீரகத் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறோம். உங்களுக்கு இரண்டு வருடமாகப் பிடிப்பில்லை. போய்ப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசின் மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. அவருக்கு என்ன வயது என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஹாலில் படுத்தும் அவர் தூங்குகிறாரா, காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. மாதவிலக்கு நிற்கிற வயதுக்குப் பிறகு பெண்களுக்கும் இந்த மூச்சுத்தடை கூடுகிறது. அவர்களுக்குப் பெரிய குறட்டை இல்லாமலே வெறும் அசதியாகவும் தூக்கமின்மையாகவும் வரும், வீட்டு வேலையின் களைப்பு என்று யாரும் கண்டுகொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சீட்டு போடும்போது அவர் பெயரிலும் தனியாக ஒரு சீட்டு போடுங்கள். உங்களுக்குத் துணையாக வந்தவர் என்ற கணக்கில் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.