வெயில், விற்றமின், தாம்பத்தியம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். பதினான்கு ஆண்டுகளாக நோர்வேயின் ஒஸ்லோவில் இருக்கிறேன். களஞ்சியமொன்றில் இரவு வேலை, வயது 43. கடந்த ஓராண்டாக மனைவியோடு சேர்வதில் எனக்கு இயலாமை ஏற்பட்டிருக்கிறது. வேறொரு காரணத்துக்காகச் செய்த குருதிப் பரிசோதனையில் விற்றமின் டி லீற்றருக்கு 28 நனோமோல் என்று வந்தது. குடியேறியவர்களையும் இந்நாட்டில் பிறந்தவர்களையும் விற்றமின் டி அளவிலும் பாலியல் நலத்திலும் ஒப்பிடும் கட்டுரையொன்றை நண்பர் காட்டினார். நம்மவர் உடம்புக்கே உள்ள குறையா இது? மாத்திரை எடுத்தால் சரியாகிவிடுமா? ஊரில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் என் அண்ணனும் இதே குறையைத் தொலைபேசியில் சாடையாகச் சொன்னார். அவருக்கும் இந்த மாத்திரையை அனுப்பலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்துக்கு வருமுன் நான் மலையக வைத்தியசாலைகளில் மருந்தாளராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு வெளியே, எல்லோரும் போகும்வரை ஒதுங்கி நின்று, கையிலிருக்கும் துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்துவிட்டு, கடைசி ஆளாக வந்து, "பலத்துக்கு ஏதாவது இருக்குதுங்களா ஐயா?" என்று கேட்ட ஆண்கள் பலர். அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு கேள்வியும் கேட்காமல் விற்றமின் பி குளிசைகளை உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர்களில் எத்தனை பேருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடுவதில்லை. அதனால்தான் உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதற் கேள்விக்குத் திடமாகவே பதில் சொல்லலாம்: இது நம்மவர் உடம்புக்குரிய குறை அன்று. ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. கண்டியில் இருந்தவர்களின் சராசரி அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 54 நனோமோல். ஒஸ்லோவில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 31. ஒரே நாட்டிலிருந்து வந்தவர்களிடையேதான் இவ்வளவு வேறுபாடு, மாறியது வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி தோலில் பட்டால்தான் இந்த விற்றமின் உருவாகிறது. அது ஈரலிலும் பின்னர் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்தே உடலுக்குப் பயன்படுகிறது. நம் தோலிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால் வெள்ளைத் தோலைவிட நமக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கும் நம் மலைகளில் அந்த நேரம் ஆண்டு முழுவதும் கிடைக்கும். அறுபது பாகையில் இருக்கும் ஒஸ்லோவிலோ ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரையில், வானம் தெளிந்திருந்தாலும், தேவையான கதிர் தரைக்கு வந்து சேர்வதேயில்லை. இரவு வேலை முடிந்து கோடையிலும் பகலில் திரையை இழுத்துவிட்டு உறங்கும் உங்களுக்கு 28 என்று வந்ததில் வியப்பில்லை. யன்னலோரம் அமர்ந்து வெயில் காய்ந்தாலும் பயனில்லை. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

'குடியேறியவர்' என்ற சொல் நமக்குச் சாதாரணச் சொல் அன்று. குடியேறியவர்களாகவே பார்க்கப்பட்ட நம் பாட்டன்மாரை 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. ஆகவே ஒரு மருத்துவக் கட்டுரையில் 'குடியேறியவர்', 'உள்நாட்டில் பிறந்தவர்' என்று இரண்டு நிரல்களைக் காணும்போது நீங்கள் அதை இரத்தத்தின் தரப்பட்டியலாக வாசித்துவிட்டது எனக்குப் புரிகிறது. அப்படி வாசிக்க வேண்டாம். அந்த நிரல்களுக்குப் பின்னால் இருப்பவை வேலை நேரமும், உடையும், உணவும், உறக்கமும், தனிமையுமே. இங்கேயே பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் கதிரின் வலிமை கொழும்பைவிடக் கூட. ஆனால் பாதி நாள் மூட்டம். நாள் முழுவதும் மலையில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இந்தக் குறை வராதென்றே நானும் எண்ணியிருந்தேன். ஒருநாள் கிளினிக்கில் ஓர் அம்மாவுக்குக் குருதி அமுக்கம் பார்க்கச் சட்டைக் கையை மேலே சுருட்டினார்கள். மணிக்கட்டு வரையில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்த கை. அதற்கு மேலே கோடு கிழித்தாற்போல் வெளிறிய தோல். தலையில் துணி, நீளக் கைச் சட்டை, இடுப்பில் படங்குத் துணி. முகத்தையும் விரல்களையும் தவிர வேறெங்கும் அவருக்கு வெயில் பட்டதில்லை.

இனி மாத்திரையைப் பற்றி. விற்றமின் டியை ஏற்கும் வாங்கிகள் விதைகளிலும் குருதிக் குழாய்களின் உட்சுவரிலும் இருக்கின்றன. இந்த விற்றமின் குறைந்த ஆண்களிடம் விறைப்புக் குறைவும் ரெஸ்ரஸ்தரோன் என்ற ஆண் ஹோர்மோனின் குறைவும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறியுள்ளன. உங்கள் நண்பர் காட்டிய கட்டுரையும் இவ்வகையினதாகவே இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. உடற்பருமன் கூடியவருக்கும், வெளியே நடமாடாதவருக்கும், நீரிழிவு உள்ளவருக்கும் விற்றமின் டி குறைவாகவே இருக்கிறது. தாம்பத்தியத்தில் தளர்ச்சியும் அதே ஆட்களுக்குத்தான் வருகிறது. மாத்திரை கொடுத்துப் பார்த்த சோதனைகளோ அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. ஒஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சிறிய சோதனையொன்றில் ரெஸ்ரஸ்தரோன் சற்று உயர்ந்தது. அதே நகரில் பின்னர் இயல்பான ரெஸ்ரஸ்தரோன் உள்ள ஆண்களிடம் நடத்திய சோதனையில் அந்த உயர்வு காணப்படவில்லை. கொப்பன்ஹேகனில் குழந்தையில்லாத ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவில் விந்தின் தரம் மேம்படவில்லை. ஆகவே உங்கள் குறையை நிவர்த்தி செய்ய விற்றமின் டி எடுங்கள். 28 என்பது எலும்புக்கும் தசைக்கும் போதாத அளவு. அதை எடுப்பதால் தாம்பத்தியம் சீராகும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. ஆணுறுப்புக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் இதயத்தின் நாடிகளைவிடக் குறுகியவை. நாடிகளில் கொழுப்புப் படியத் தொடங்கினால், நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அது விறைப்புக் குறைவாகத் தலைகாட்டலாம். தெற்காசியருக்கு நீரிழிவும் இதய நோயும் இளவயதிலேயே வருகின்றன. ஒஸ்லோவுக்குப் போன நம்மவரும் அதற்கு விலக்கில்லை. 43 வயதில் ஓராண்டாக நீடிக்கும் இந்த இயலாமையை உங்கள் குடும்ப வைத்தியரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். சீனியின் அளவு, குருதி அமுக்கம், கொலஸ்ரரோல், காலையில் எடுத்த குருதியில் ரெஸ்ரஸ்தரோன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். புகை, மது, நீங்கள் எடுக்கும் வேறு மருந்துகள், இரவு வேலையால் கெட்ட உறக்கம், மனச்சோர்வு எதையும் மறைக்க வேண்டாம். வெட்கம் தடுத்தால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையானால் உறவினரை அழைத்துப் போகாமல், வைத்தியசாலை ஏற்பாடு செய்யும் ஒருவரையே கேளுங்கள். சொந்தக்காரர் முன்னிலையில் இதையெல்லாம் யாராலும் பேச முடியாது.

உங்கள் மனைவியின் விற்றமின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குறை கடுமையானால் பெண்களுக்கு இடுப்பெலும்பிலும் தொடையிலும் வலி வரும், படியேறுவதே கடினமாகும். அந்த வலியோடு இருக்கும் பெண் கணவனிடமிருந்து விலகிப் படுப்பதை விருப்பமின்மை என்று கணவன் எண்ணிக்கொள்கிறான். அவருக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இருவருக்கும் நோர்வேயின் வழமையான பரிந்துரை நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது 400 அலகு. உங்கள் குறைக்கு வைத்தியர் அதைவிடக் கூட்டித் தரக்கூடும். நீங்களாக நாளொன்றுக்கு 4,000 அலகைத் தாண்ட வேண்டாம். அளவு மிஞ்சினால் குருதியில் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அண்ணனுக்கு மாத்திரை அனுப்ப வேண்டாம். கவ்வாத்து மலையில் கையும் கழுத்தும் வெயிலில் காயக் கத்தி பிடிப்பவருக்கு விற்றமின் டி குறைந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவர் பலத்துக்கென்று கடையில் லேகியமோ பெயரில்லாத குளிசையோ வாங்கியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். மூலிகை என்று விற்பவற்றில் விறைப்புக் குறைவுக்கான மருந்தாகிய சில்டெனாஃபில் களவாகக் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது; நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் நைத்திரேற்றுக் குளிசை வைப்பவர் அதை விழுங்கினால் குருதி அமுக்கம் சடுதியாக விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரைக்குச் செலவிட நினைத்த பணத்தை அவருக்கு ஒருநாள் பேராக, அதாவது ஒருநாள் கூலியாகக் கொடுத்து, அரசாங்க வைத்தியசாலையில் சீனியும் அமுக்கமும் பார்த்துவரச் சொல்லுங்கள். நாள் பேர் போய்விடும் என்றுதான் அவர் இதுவரை போகாமல் இருந்திருப்பார்.

அன்புடன்.