மரம் தறிக்கும் வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செயின் வாள் சில வேளை முகத்துக்கு நேரே எகிறுகிறது. மெஷினில் பழுதா? (வத்தளை)

பழுது பிடிக்கிற விதத்தில்தான். அலகு நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் எந்த வாளும் எகிறும். நுனியால் வெட்டாதீர்கள், தோளுக்கு மேலே தூக்காதீர்கள், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடியுங்கள். வாள் எகிறினால் செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக் வேலை செய்கிறதா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

மரம் விழும்போது உதவியாள் எங்கே நிற்பது? (அவிசாவளை)

மர உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில். வெட்டுகிறவர் வெட்டத் தொடங்கும் முன்பே, விழும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்வாக விலகிப் போக வழியைத் துப்புரவாக்கி வைக்க வேண்டும்.

தறித்த மரம் பக்கத்து மரத்தில் சிக்கிவிட்டது. தாங்கும் மரத்தையும் வெட்டலாமா? (ஹங்வெல்ல)

வேண்டவே வேண்டாம். அடியிலும் போகாதீர்கள். நீளக் கயிறு போட்டு, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சால் இழுங்கள், மற்றவர்கள் இரு மடங்கு தூரத்தில்.

தடித்த ஜீன்ஸ் போதாதா? (மட்டக்குளி)

போதாது. வாளுக்கென்று செய்த காற்சட்டையின் உள்நார்கள் செயினில் சிக்கி அதை நிறுத்தும், ஜீன்ஸ் கிழியும். சாரமும் ரப்பர் செருப்புமாக நிற்பவர்களுக்கு இதைச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது.

என் தம்பி நாட்கூலி. லொறியில் ஏற்றும்போது கட்டை உருண்டு கால் முறிந்தது. கொன்ராக்டர் இருபத்தையாயிரம் தந்து, இனிக் கேட்கமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதா? (கிராண்ட்பாஸ்)

முடியும். இந்தக் கையெழுத்துக் கதையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம் வாசித்துக் காட்டாமலே வாங்குகிறார்கள், வெற்றுத் தாளிலும் வாங்குகிறார்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் உள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. நாட்கூலி என்பதும் சாட்டல்ல. 2022 திருத்தத்தில் உச்ச நட்டஈடு ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சமானது, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்ந்தது. உச்சம் என்றால் எல்லோருக்கும் இருபது அல்ல, சம்பளத்தையும் காயத்தையும் பார்த்துத்தான் கணக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, கூட நின்றவர்களின் பெயர், சம்பளம் வாங்கியதற்கு ஏதாவது தடயம், இவற்றோடு தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்குப் போங்கள், இந்த வாரமே. கொன்ராக்டர் சமாதானம் பேச வந்தால் அதையும் அங்கேயே பேசச் சொல்லுங்கள். அப்புறம், கட்டை உருளும் பக்கத்தில் தம்பியை நிறுத்தியது யார்?

வளவில் உள்ள பலாவைத் தறிக்க ஆள் பிடித்துவிட்டோம். வேறென்ன? (வெள்ளவத்தை)

பிரதேச செயலக அனுமதி எங்கே? பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் வேண்டும், 1951 முதல் சட்டம். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் மின்சார அலுவலகத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வாள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும் மர உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில்.

மாலையானால் விரல் வெளிறி மரத்துப் போகிறது. தைலம் பூசலாமா? (மருதானை)

தைலம் உதவாது. மெஷின் அதிர்வால் வருவது, விடாமல் செய்தால் நிலைத்துவிடும். வாளை இறக்கிவைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள், அதிர்வு தாங்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.