'கேட்காதே, சொல்லாதே' விதியால் அமெரிக்க ராணுவத்துக்கு என்ன இழப்பு?

அமெரிக்க ராணுவத்தில் 1994 முதல் 2011 வரை நடப்பிலிருந்த இந்த விதிப்படி, தன்பால் ஈர்ப்புள்ளவர் அதை மறைத்தால் பணியாற்றலாம். வெளியே சொன்னால் விலக்கப்படுவார். விலக்கப்படுபவருடன் அவர் பெற்ற பயிற்சியும் போய்விடுவதால், வேறொருவரைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. 2004–2009 நிதியாண்டுகளில் விலக்கப்பட்ட 3,664 பேரால் ஏறத்தாழ 19.3 கோடி டாலர், அதாவது தலைக்குச் சுமார் 52,800 டாலர் செலவானதாக அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு கணக்கிட்டது. ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்தபோதே அரபு மொழி கற்றவர்களையும் அனுப்பிவிட்டதுதான், என் பார்வையில், பணத்தைவிடப் பெரிய இழப்பு. பந்தி தொடங்கும் வேளையில் கைதேர்ந்த சமையற்காரரை அவருடைய சொந்த விஷயத்துக்காக அனுப்பிவிட்டு, புதியவருக்கு உப்பின் அளவிலிருந்து சொல்லிக்கொடுப்பதைப் போன்றது இது. இவர்கள் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில், தாம் யார் என்று வாய்விட்டுச் சொன்னதே நீக்குவதற்குப் போதுமானதாக இருந்தது.