குடரோடு துடக்கி

அன்புள்ள ஐயா,

உபநிடதம் இதயத்தைத் தாமரை என்கிறது. எகிப்தியர்கள் இறந்தவனின் இதயத்தைத் தராசில் நிறுத்தார்கள். திருமூலர் உள்ளத்தைப் பெருங்கோயில் என்கிறார். பழைய மதநூல்கள் எல்லாவற்றிலும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே ரகசியப் பொருள்தான் என்று கொள்ளலாமா? ஈரல் கோபம், சிறுநீரகம் பயம் என்று வாட்ஸப்பில் வந்த அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

ம., மயிலாடுதுறை

அன்புள்ள ம.,

முதலில் அந்த அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். அது சீன வைத்தியத்தின் கணக்கு. அதைத் திருமூலர் தலையில் கட்ட என்ன அவசரம்? பாபிலோனில் ஆட்டு ஈரலைப் பார்த்துக் குறி சொன்னார்கள். எபிரேயர்களுக்குச் சிறுநீரகம்தான் மனசாட்சி இருக்கும் இடம். எரேமியா 17:10இல் அதுதான் வருகிறது. நம் தமிழ் பைபிளில் கூச்சப்பட்டு 'உள்ளிந்திரியங்கள்' ஆகிவிட்டது. எகிப்தியர்கள் இதயத்தைப் பத்திரமாக உடம்பிலேயே விட்டுவிட்டு மூளையை மூக்கு வழியாக உருவி எடுத்தவர்கள். இதில் ஒரே பொருள் எங்கே இருக்கிறது?

அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் வயிறு இல்லை. காவிரிக் கரைப் பிள்ளை வயிற்றை எப்படி மறந்தீர்கள்?

நாவுக்கரசரை எடுங்கள். திருப்புகலூரில் முடிந்த அந்த வாழ்க்கையில் பாட்டு ஆரம்பித்தது சூலை நோயில். 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட' என்று முதல் பாட்டிலேயே குடல் வந்துவிடுகிறது. குடல் என்றால் வினையின் சுருள் என்று ஒருவர் எனக்கு நாலு பக்கம் எழுதினார். ஐயா, அந்த மனுஷருக்கு வயிறு வலித்தது! சுருண்டு கிடந்தார், கதறினார். பின்னால் தலையே, கண்காள், செவிகாள் என்று ஒவ்வோர் உறுப்பாகக் கூப்பிட்டு வேலை ஏவுகிறாரே, அங்கேயும் தலை என்றால் தலைதான், குனிய வேண்டிய தலை. வலி தெரிந்தவருக்குக் குறியீடு எதற்கு?

எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரி மசக்கையாக இருக்கிறாள் என்று புளிசாதத்தில் ஒரு பிடி புளி கூடவே போடுவாள். "வாய்க்குப் புளிப்பா கேக்கும்டா அவளுக்கு." காதோலை கருகமணியும் ஒரு துணியில் முடிந்துகொள்வாள். வயலில் பயிர் சூல் கட்டினாலும் புள்ளத்தாச்சி என்றுதான் பேச்சு. வரப்பில் சத்தம் போட்டு நடந்தால் அடி விழும். ஆறு, பயிர், அவள் பெற்ற ஆறு பிள்ளைகள் எல்லாம் அவளுக்கு ஒரே வயிற்றுக் கணக்கு.

ஒரு வருஷம் ஆடியில் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மணலில் இலையைப் போட்டுச் சாதத்தை வைத்தாள். எல்லாரும் போர்செட் தொட்டியைத் தேடிப் போக, அவள் மட்டும் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் அல்ல. நான் பார்த்தேன்.

இதயத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள்? சாந்தோக்கிய உபநிடதத்தில் எட்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள். சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.