வாசகர் கேள்வி-பதில்: ஜாலியன்வாலாபாக் பார்க்க அரை மணி போதுமா?

கே: டிசம்பர் லீவில் குடும்பத்தோடு அமிர்தசரஸ் போகிறோம். பொற்கோயிலுக்கும் வாகாவுக்கும் நடுவே ஜாலியன்வாலாபாக்குக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார் டூர்காரர். போதுமா? பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?
- வாசகி, மயிலாப்பூர்

ப: போதாது. அரை மணியில் நினைவுத் தூண் முன்னால் போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். பொற்கோயிலிலிருந்து நடந்தே போகிற தூரம் என்பதால் டூர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். கோயிலை விடியலில் முடித்துக்கொண்டு, கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள். அனுமதி இலவசம். ஒன்றரை மணி நேரமாவது வையுங்கள்.

நுழைகிற சந்திலேயே நின்றுவிடுங்கள். 2021-ல் புதுப்பித்தபோது இருபுறச் சுவரிலும் சிற்பங்களை வைத்துவிட்டார்கள். வெறும் சுவராகவே விட்டிருக்கலாம் என்பது நம் கட்சி. சிற்பத்தை விடுங்கள், சந்தின் அகலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1919 ஏப்ரல் 13, பைசாகி நாளன்று பிரிட்டிஷ் ராணுவ ஜெனரல் டயர் கொண்டுவந்த இரண்டு கவச வண்டிகளும் இதற்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிட்டன. அவற்றில் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. உள்ளே வந்து சுட்டவர்கள் ரைபிள் வைத்திருந்த 50 சிப்பாய்கள். உள்ளே கூடியிருந்த ஜனத்தைக் கலைந்து போகச் சொல்லவே இல்லை. பத்து நிமிடம் போல, 1,650 ரவுண்டு. சுற்றிலும் வீட்டுச் சுவர்கள், இருந்த மற்ற வழிகளோ குறுகல். வழி தேடி ஜனம் நெருக்கியடித்த இடங்களைப் பார்த்தே சுட்டார்கள். சாவு அத்தனை ஆனதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது கிணறு. உயிருக்குப் பயந்து பலர் குதித்தது இதில்தான். பிறகு செங்கல் சுவர். குண்டு துளைத்த இடங்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டிருக்கிறார்கள். துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும், விடாதீர்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்பார்கள். அரசுக் கணக்கு 379. காங்கிரஸ் விசாரணைக் குழு ஏறக்குறைய 1,000 என்றது. இரண்டையும் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் ஒரு விஷயம். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி. சென்ட்ரலில் ஏறி டெல்லியில் இறங்கிய அன்றைக்கே அமிர்தசரஸ் ரயிலுக்கு டிக்கெட் போட்டால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விடும். நடுவில் ஒரு ராத்திரி டெல்லியில் தங்கிவிடுங்கள்.

கே: தலையை மூட வேண்டுமா? செருப்பு?
- வாசகர், அம்பத்தூர்

ப: இரண்டும் பொற்கோயிலுக்குத்தான். தலையை மூடி, செருப்பை வெளியே விட்டு, கால் கழுவிக்கொண்டு போக வேண்டும். ஜாலியன்வாலாபாக்கில் அந்த விதி இல்லை.

கே: இந்தப் படுகொலைக்குப் பழிவாங்க உத்தம் சிங் சுட்டது டயரைத்தானே? இதில் சென்னைக்காரர் யாருக்காவது பங்கு உண்டா?
- கல்லூரி மாணவர், தாம்பரம்

ப: இல்லை. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் வரும் குழப்பம் இது. சுடச் சொன்ன டயர் 1927-லேயே நோயில் இறந்துவிட்டார். 1940 மார்ச் 13-ல் லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் சுட்டது மைக்கேல் ஓட்வையரை. படுகொலை நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் அவர்தான்.

சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சேட்டூர் சங்கரன் நாயர் அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். பஞ்சாபில் நடந்ததைக் கண்டித்து 1919-ல் பதவியை உதறினார். பிறகு தம் நூலில் ஓட்வையரைக் குற்றம்சாட்டி எழுத, அவர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924-ல் நாயருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது: 500 பவுண்டு நஷ்டஈடு, அதற்கு மேல் வழக்குச் செலவு. மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்றார் ஓட்வையர். நாயர் கேட்கவில்லை, பணத்தைக் கட்டினார்.