பென்டடோனிக் ஸ்கேல் (ஐந்து சுர வரிசை) நன்றாகத் தெரிந்தும், வீட்டில் லீட் கிட்டார் இம்ப்ரோவைஸ் செய்யும்போது (கற்பனையாக அந்த நொடியிலேயே வாசிக்கும்போது) எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பது ஏன்? எப்படிப் பயிற்சி செய்வது?

ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏ மைனர் பென்டடோனிக்கை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு ப்ளூஸ் பேக்கிங் டிராக்கின்மேல் (பின்னணி இசைப் பதிவின்மேல்) விரல்களை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடைய கிட்டார் வகுப்பிலும் அதைத்தான் கற்பித்தார்கள். ஸ்கேலை எவ்வளவு வேகமாக வாசிக்கிறோம் என்பதற்கு மதிப்பெண் இருந்தது. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும் நொடியில் எந்தச் சுரத்தில் நிற்கிறோம் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கட்டணத்தை மட்டும் மாதம் தவறாமல் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் கிட்டாரையே தொட்டறியாத என் மாமனார். கச்சேரி கேட்டே காது பழகியவர். ஓர் இரவு ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வெறும் கம்பியொலியில் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, "மாப்பிள்ளை, சுத்த தன்யாசியையே சுற்றிச் சுற்றி வருகிறீர்களே, எங்கே வந்து இறங்கப்போகிறீர்கள்?" என்றார். மைனர் பென்டடோனிக்கின் ஐந்து சுரங்களும் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களும் ஒன்றே என்பதால் அவர் சொன்னது சரிதான். கற்பனைஸ்வரம் பாடுபவர் எவ்வளவு தூரம் சுற்றினாலும் பாட்டின் வரி தொடங்கும் தாள இடமான எடுப்புக்குத் துல்லியமாக வந்து சேரவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அவர் கேட்டிருக்கிறார். கர்நாடக இசையில் கார்டு மாற்றமே கிடையாதே, இரண்டையும் எப்படிக் கலக்கலாம் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இறங்குமிடம் வேண்டும் என்பதை மட்டுமே நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏ7, டி7, இ7 ஆகிய மூன்று கார்டுகளையும் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸாக, நிமிடத்துக்கு 60 தட்டு என்ற மெதுவான நடையில் நானே வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். அதன்மேல் ஒவ்வொரு கார்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டுமே வாசிப்பது என்று விதித்துக்கொண்டேன். ஏ7-க்கு அவை சி ஷார்ப்பும் ஜியும். ஐந்தாம் பாரில் டி7 வரும்போது சி ஷார்ப் அரைச்சுரம் இறங்கி சி ஆகிறது, ஜி இறங்கி எஃப் ஷார்ப் ஆகிறது. ஏ7-இலிருந்து இ7-க்குப் போனால் இரண்டும் அரைச்சுரம் ஏறி, டியும் ஜி ஷார்ப்பும் ஆகின்றன. பின்னணியை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் வாசித்தாலும் கார்டு மாறுவது காதில் விழும். சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் ஆகிய மூன்றும் உங்கள் பென்டடோனிக் பெட்டிக்குள் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதற்குப் பெரும் காரணம் அதுவே.

இது காதில் பதிந்த பிறகு பென்டடோனிக்குக்குத் திரும்பி, ஒவ்வொரு இசை வாக்கியத்தின் கடைசிச் சுரம் மட்டும் அப்போது ஒலிக்கும் கார்டின் மூன்றாம் அல்லது ஏழாம் சுரமாக இருக்கும்படி வாசியுங்கள். வாசிப்பதை வாயாலும் பாடுங்கள். மூச்சு முடியுமிடத்தில் வாக்கியமும் முடிந்துவிடும். 1964-இல் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங்கின் நிகழ்ச்சியில், அவர் வாசிக்காமல் விடும் இடைவெளிகளைக் கேட்டுப்பாருங்கள்.

ஸ்கேல் பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. விரல் பழகாமல் எதுவும் நடக்காது. கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றும் பெண்டிங்கையும் காதால் சரிபாருங்கள்: மூன்றாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டை முழுச்சுரம் வளைத்தால், அதே கம்பியின் ஒன்பதாம் ஃப்ரெட்டின் ஒலி அப்படியே வரவேண்டும். இதற்கெல்லாம் வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் விலையுயர்ந்த லூப்பர் பெடல் தேவையில்லை, கைப்பேசிப் பதிவே போதும்.